வலதுக்கு இரண்டு அங்குலம்

அக்கா கல்யாணத்துக்கு ஒரு ரவிக்கை,
மறுவீட்டுக்கு ஒரு சுடிதார்.
வில்லாபுரம் கோதாவரி அக்கா
நாடாவை என் வலது தொடையில் சுற்றிக்
குறித்துக்கொண்டார்.
இடதில் சுற்றினார். குறிக்கவில்லை.
திரும்ப வலதுக்கு வந்தார்.
"எங்கயும் விழுந்தியாடீ? வீங்கியிருக்கே."
இல்லைக்கா. வாள்சண்டை.
அளவு நோட்டில் பென்சில் நின்றது.
இருபத்தெட்டு வருடத் தையலில்
ஒரே உடம்பில் இரண்டு ஆள் காலை
இப்போதுதான் பார்க்கிறாராம்.

ஐந்து வருடமாய்
வலது முன்னே, இடது பின்னே,
உட்காராமலும் நிற்காமலும்,
மாட்டுத்தாவணி பஸ்ஸில்
ஒற்றைக் காலுக்கு மட்டும் இடம் கிடைத்தவள் மாதிரி.
காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளத்தை மூன்று சுற்று.
பிறகு படிகளில் பக்கவாட்டாக இறங்கி
பக்கவாட்டாகவே ஏற வேண்டும்.
வாக்கிங் வருகிறவர்கள் எனக்கு
நண்டு என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் அரங்கில் இருநூறு பாய்ச்சல்.
நூற்று இருபதுக்கு மேல்
எண்ணுவது நானில்லை, தொடைதான்.
அதற்குக் கணக்கு வராது,
நூற்று நாற்பதை மூன்று தடவை சொல்லும்.

சித்திரை.
மார்புத்தகடு, அதன்மேல் அரைச்சட்டை,
அதன்மேல் கேன்வாஸ் சட்டை.
இறகுப்பந்து திசை மாறுகிறதென்று
பக்கத்து கோர்ட்காரர்கள்
மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள்.
மூக்கு நுனியில் ஒரு துளி வியர்வை.
கம்பி வலைக்குள் கையை விட முடியாது.
அது தானாக விழும்வரை
எதிராளியையும் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.
ஒரு மணிநேரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்து,
மோரில் உப்பு போட்டுக் குடித்தால்
பாதி திரும்பி வருகிறது.
மீதி, சட்டையின் முதுகில்
வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும்.

கோதாவரி அக்கா கையை அளக்கிறார்.
முழங்கைக்கு மேலே ஐந்து ரூபாய் அளவில் நீலம்,
பக்கத்தில் பழையது, மஞ்சளாகி.
கதவைச் சாத்திவிட்டு வந்து
குரலை இறக்கிக் கேட்டார்:
"யாருடீ அடிக்கிறது?"
வாரத்துக்கு ஆறு பேர்க்கா.
நானும் அடிப்பேன்.

மாநிலப் போட்டி, சொந்த ஊரிலேயே.
காலிறுதியில் நாகர்கோவில் ஜெனோவா.
இடதுகைக்காரி, என்னைவிட ஒரு சாண் உயரம்.
பதினான்குக்குப் பதினான்கு.
இடது கெண்டைச்சதை
ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டது.
குதிகாலை ஊன்றினேன், விட்டது.
விரல்கள் பிடியைப் பிடித்திருக்கின்றனவா என்று
கண்ணால்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.
பாய்ந்தேன். அவளும்.
சிவப்பும் பச்சையும் ஒன்றாக எரிந்தன.
மற்ற நேரமென்றால் ஆளுக்கொரு புள்ளி.
இந்தக் கணக்கில் மட்டும் செல்லாது.
மறுபடி கோட்டுக்குப் பின்னால்,
மறுபடி முழங்காலை மடக்க வேண்டும்.
மறுபடி இரண்டு விளக்கும்.
மூன்றாம் தடவை
அவள் மூச்சு அவள் முகமூடியில் மோதுவது
எனக்குக் கேட்டது.
அவளுக்கும் என்னுடையது கேட்டிருக்கும்.
ஒரே ஒரு பொட்டு நிதானத்தில்
என் மணிக்கட்டைத் தொட்டாள்.
பச்சை மட்டும்.

முகமூடியைக் கழற்றிக் கை குலுக்கினோம்.
அப்புறம் இரண்டு பேரும் அங்கேயே
தரையில் உட்கார்ந்துவிட்டோம்,
எழுந்திருக்கத் தெரியாமல்.
நடுவர் அடுத்த ஜோடியைக் கூப்பிடுகிறார்.
ஜெனோவா என் காலைப் பார்த்துவிட்டு
தன் காலை நீட்டிக் காட்டினாள்.
அவளுக்கு இடது.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது,
ரவிக்கை ரெடி, வாங்கிக்கோ என்று.
அக்கா, கல்யாணத்துக்கு இன்னும்
ஒன்றரை மாதம் இருக்கே,
அதுக்குள்ள வலது கை கொஞ்சம் கூடினா?
மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
"உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கேன்,"
என்றார். "நீ போய் ஆடு."